வானத்தைப் பார்த்த துளை

பின் அறையில் இருப்பவர் மனிதர்தானா என்பதில் சங்கத்துக்குச் சந்தேகம் இருந்தது.

மனிதர்தான். கண்ணாடிக்காரரின் மாமனார். கண்ணாடிக்காரர் என்றால் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமனார் அவர்களோடு வந்து தங்கியபோது, பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் கிடந்த பின் அறையை ஒதுக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். "தற்காலிகம்தான் மாமா" என்றார் கண்ணாடிக்காரர். அந்தத் தற்காலிகம் சுவரில் ஆணி அடித்துச் சட்டை மாட்டிக் குடியேறிப் பல காலமாகிவிட்டது. மின்விசிறி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

மாமனாருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு சதுரங்கம். வேறு தேசத்தில் மகனோடு வசிக்கும் பழைய அலுவலக நண்பருடன் டேப்லெட்டில் ஆடுவார். ஆனால் சமையலறைச் சுவரைத் தாண்டி வைஃபை பின் அறைக்கு வராது. அதனால் அவர் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஆடுவார். மகள் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முழங்காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கிக்கொண்டு, "பரவால்லம்மா" என்பார். அந்தப் பரவால்லம்மாவைக் கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் தட்டைப் பாதியில் தள்ளிவைப்பார்.

அந்தக் கட்டடத்தில் இணையம் சங்கத்துடையது. குடியிருப்போர் நலச் சங்கம் ஒரே ஒரு இணைப்பு வாங்கி, தரைத்தளத்தில் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்திருந்தது. ஆளாளுக்குத் தனி இணைப்பு எடுத்தால் ஒற்றுமை குலையும் என்று தலைவர் கருதினார். ஒற்றுமையாக எல்லாருக்கும் மெதுவாகவே வந்தது.

கண்ணாடிக்காரர் முறைப்படிதான் போனார். சங்கச் செயலாளர் ஒரு பெரிய அலுவலகத்தில் கோப்புகளை அனுப்பாமல் வைத்திருக்கும் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வைப் பெற்றாரே தவிர, ஓய்வு அவரைப் பெறவில்லை.

"பின் அறைக்கு நெட்டு எட்டல சார். ஒரு பெட்டி கூடுதலா வெச்சா போதும்."

செயலாளர் கட்டட வரைபடத்தை விரித்தார். "இதுல அது பொருள் வைப்பறைன்னு இருக்கு. பொருளுக்கு எதுக்கு சார் நெட்டு?"

"எங்க மாமனார் இருக்காரு சார்."

"இருக்கலாம். ஆனா பொருள் வைப்பறையில இருக்கறதை நாங்க பொருளாத்தான் எடுத்துக்க முடியும். அவரை மனுஷனா மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். போன பொதுக்குழுவுல லிஃப்டுல கண்ணாடி வெக்கறதைப் பத்தியே பேசி முடியல. உங்களுக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரர் திரும்பி வந்தார். மாமனார் முக்காலியில் இருந்தார். முழங்கால் தூக்கியே இருந்தது.

அதற்கு மேல் பொறுக்காமல் கடைத்தெருவுக்குப் போய், தன் கடைக்கு எதிர்வரிசையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவரிடம் இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கினார். புத்தகம் போல நிமிர்ந்து நிற்கும் பெட்டி. பின்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒயர் சொருகும் துளைகள்.

"சுவத்துல இருந்து வர்ற ஒயரை வான்ல சொருகிடுங்கண்ணே. அவ்வளவுதான். மத்ததுல போட்றாதீங்க, அது வேற வம்பு" என்றார் கம்ப்யூட்டர்காரர். இன்னொரு ஆள் வந்து மவுஸ் கேட்டதால் வம்பு என்னவென்று விளக்கவில்லை.

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து பின் அறையில் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் எறும்பு அளவு எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர், தன் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆனால் படிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவருக்குப் படவில்லை. வான் என்றால் வானம். வானத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது? மேலே இருக்கும் துளை. கம்ப்யூட்டர்காரர் எவ்வளவு அழகாகத் தமிழில் சொல்லியிருக்கிறார் என்று வியந்துகொண்டே ஒயரை உச்சித் துளையில் சொருகினார். டப்பென்று உட்கார்ந்தது.

புதுப் பெட்டி தன் வைஃபைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் போனில் கேட்டது. 'மாமா' என்று வைத்தார்.

பின் அறையில் மாமனாரின் டேப்லெட்டில் கோடுகள் எல்லாம் நிரம்பி எழுந்தன. "அடேயப்பா, முழுசா வருது மாப்பிள்ளை!" என்றார் அவர். கண்ணாடிக்காரரின் மனைவி, "ஏங்க, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அவர் வீட்டில் அவ்வளவு பெரிய பாராட்டு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலமே கட்டடத்தில் இணையம் செத்தது.

ஒரேயடியாகச் சாகவில்லை, அதுதான் கொடுமை. ஒரு வீட்டில் வரும், அடுத்த வீட்டில் வராது. வந்துகொண்டிருந்த வீட்டில் போனை அணைத்துப் போட்டால் போய்விடும். சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. அழைப்பைச் சங்கத்தின் செயலியில் அனுப்பினார்கள். செயலி இணையத்தில் ஓடுவது. ஆகவே அழைப்பு யாருக்கும் போகவில்லை. அழைப்பு வராமலே வந்துவிட்டவர்களைக் கூட்டத்தில் உட்காரவிடலாமா என்பதில் முதல் பாதி கழிந்தது. இணையம் இல்லை என்று புகார் கொடுத்தவர்களிடம், புகாரைச் செயலி வழியாகத்தான் ஏற்க முடியும் என்று செயலாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"இதுவரைக்கும் முறைப்படி ஒரு புகார்கூட வரல" என்று தலைவர் பெருமையோடு அறிவித்தார். "அதையும் மீறி நாம நடவடிக்கை எடுக்கறோம்னா, அது நம்ம பெருந்தன்மை."

விசாரணைக் குழு அமைந்தது. குழுவுக்கு ஒரு பார்வையாளர் வேண்டும் என்று விதி. "பார்வைன்னா நம்ம கண்ணாடிக்காரர் இருக்காரே!" என்றார் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து கும்பிட்டார்.

குழு வீடு வீடாகப் போனது. செயலாளர் தன் போனை முன்னால் நீட்டியபடி நடந்தார். அதில் தெரிந்த வைஃபை பெயர்களில் 'மாமா' என்று ஒன்று இருந்தது. தன்னோடு வசிக்கும் தன் மருமகன்தான் தன்மேல் உள்ள மரியாதையால் வைத்திருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள" என்று கண்ணாடிக்காரரிடம் காட்டிக் கண் கலங்கினார். அந்தப் பெயரைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் ஓரடி பின்வாங்கினார். ஆனால், பெட்டி வைத்ததற்கும் இணையம் போனதற்கும் என்ன சம்பந்தம், நாம் வானத்தில்தானே சொருகினோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

குழு கடைசியில் தையலம்மா வீட்டு வாசலில் நின்றது. கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேர் கீழ்வீடு. வாடகைக்கு இருப்பவர், தனி ஆள். இரும்புக்கால் வைத்த பழைய மிஷினில் மோட்டார் பூட்டித் தைப்பார். கண்ணாடிக்காரரின் பேன்ட்டுகள் எல்லாம் அவர் கையால் மடிப்புத் தைத்தவைதான். சங்கத்துக்கு அவர்மேல் வெகுநாள் மனத்தாங்கல்: மிஷின் சத்தம், லிஃப்டில் ஏறும் வாடிக்கையாளர்கள், படிக்கட்டில் கிடக்கும் நூல் துண்டுகள்.

"மிஷினை ஓட்டுங்க" என்றார் செயலாளர்.

ஓட்டினார். செயலாளர் போனைப் பார்த்தார். இணையம் இல்லை.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அப்போதும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர். "நிறுத்தின பின்னாடியும் வரல. அவ்வளவு பாதிச்சிருக்கு."

"சார், எனக்கே நெட்டு இல்லாம ஆர்டர் ஒண்ணும் வரல. நானா என் தலையில மண்ணைப் போட்டுப்பேன்?" என்றார் தையலம்மா.

செயலாளர் கூட்டத்தில் இதை விரிவாகப் பேசினார். "இன்டர்நெட்டை நாம தமிழ்ல வலைங்கறோம். வலைங்கறது எதால ஆனது? நூலால. ஒரு கட்டடத்துல வலை அறுந்திருக்கு, அதே கட்டடத்துல ஒருத்தர் நாள் முழுக்க நூலை அறுத்துக்கிட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தையல் மிஷினுக்குச் சீல் வைப்பது என்று தீர்மானம் ஆனது. பார்வையாளர் அதைப் பார்த்தார்.

மறுநாள் கடையில் கண்ணாடிக்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குத் தூரப்பார்வைக்குப் பதில் கிட்டப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவர் கதவில் முட்டிக்கொண்ட பிறகுதான் நினைவு வந்தது. எதிர்வரிசைக்குப் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "அந்த ஒயர்... மேல் துளையிலதானே போடணும்?"

"மேலயா? வான்ல போடச் சொன்னேன்."

"ஆமா. வானம். மேல."

கம்ப்யூட்டர்காரர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, அது டபிள்யூ-ஏ-என்-ன்னு மூணு இங்கிலீஷு எழுத்துண்ணே! வானமும் இல்ல பூமியும் இல்ல. கடைசியில கலர் மாறி ஒரு துளை இருக்கும் பாருங்க, அதுதான். மேல போட்டீங்கன்னா உங்க பெட்டி தன்னைத்தான் பெரிய பெட்டின்னு நெனச்சுக்கும். யாரு போனைத் திறந்தாலும் முந்திக்கிட்டுப் போய், என் வழியாத்தான் வெளிய போகணும்னு ஒரு விலாசம் குடுக்கும். அதுக்கு வெளிய போக வழியே கிடையாது. தனி லைனா இருந்தா உங்க வீட்டோட போயிருக்கும். உங்க கட்டடத்துல எல்லாரும் ஒரே லைன் இல்ல?"

கண்ணாடிக்காரர் கடையைக்கூடப் பூட்டாமல் ஓடினார். மொத்தக் கட்டடத்தையும் தன் வீட்டுப் பின் அறைக்குள் இழுத்து, உடைந்த மின்விசிறிக்குப் பக்கத்தில் அடைத்துவைத்திருக்கிறோம் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

பின் அறையில் மாமனார் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் சதுரங்கப் பலகை அசையாமல் நின்றது.

"மாமா, இதுல ஆட்டம் வருதா?"

"கோடெல்லாம் முழுசா தெரியுது மாப்பிள்ளை."

"ஆட்டம்?"

மாமனார் தயங்கினார். "அது... வெச்ச அன்னைக்கே நின்னுடுச்சு. நீங்க இவ்வளவு மெனக்கெட்டீங்க, எப்படிச் சொல்றதுன்னு..."

கண்ணாடிக்காரர் ஒயரைப் பிடுங்கினார்.

அதே நேரத்தில் கீழ்வீட்டில் செயலாளர் தையல் மிஷினைச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் சங்கத்தின் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லார் போனிலும் அதுவரை தேங்கியிருந்த செய்திகள் ஒட்டுமொத்தமாக வந்து கொட்டின. படிக்கட்டு முழுக்கக் கைதட்டல். "வந்துடுச்சு! மிஷினைக் கட்டின உடனே வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மேலே, பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் அதைக் கேட்டார்.

சங்கம் தாமதிக்கவில்லை. தையலம்மா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். தையலம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "அது... நான்தான்னு நெனைக்கறேன். எங்க வீட்ல ஒரு பெட்டி... வான்னு சொன்னதை நான் வானம்னு..."

தலைவர் கையைக் காட்டினார். "உக்காருங்க. உங்க இரக்க மனசு புரியுது. ஆனா குழுவோட பார்வையாளரே குத்தவாளியா இருந்தா, அந்தக் குழுவுக்கு என்ன மரியாதை? நாம ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். உண்மையைக் கண்டுபிடிக்கறதுக்கு நாம குழு போடல. முடிவு எடுக்கறதுக்குப் போட்டோம். முடிவு எடுத்தாச்சு. இப்பப் போய் உண்மை வந்தா அதை எங்க வெக்கறது?"

"ஒரு குத்தத்துக்கு ஒரு ஆள்தான் சார் வழக்கம்" என்று செயலாளரும் ஆறுதலாகச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் லேசாகி, நிம்மதியாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, அவர்கள்தான் கேட்கவில்லை. அந்த நிம்மதி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கிற வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு கீழ்வீட்டிலிருந்து மிஷின் சத்தம் வராதது மட்டும்தான் காதில் விழுந்தது.

இணையத்தை மீட்டதற்காகச் சங்கம் தனக்குத் தானே ஒரு பாராட்டு விழா எடுத்தது. நகரத்துச் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர் திரையில் தோன்றி வாழ்த்துவதாக ஏற்பாடு. விழாவின் உச்சமாக, தையலம்மாவைக் காலி செய்யும் உத்தரவைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் செயலியில் பதிவேற்றுவார். பதிவேற்றாத உத்தரவு செல்லாது என்பது சங்கத்தின் முதல் விதி. செல்லுபடியாவதற்கு முன்பே கீழ்ப்படிவது உறுப்பினர் கடமை என்பதால், தையலம்மா காலையிலேயே, லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது என்ற விதிப்படி, சாமான்களைப் படிக்கட்டு வழியாக இறக்கத் தொடங்கியிருந்தார்.

விழாவுக்கு இறங்கி வந்த கண்ணாடிக்காரர் படிக்கட்டின் திருப்பத்தில் அவரைப் பார்த்தார். மிஷினை அதுவரை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார். முத்திரை குத்திய கயிறு அப்படியே இருந்தது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"உங்களுக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"எனக்கு முதல் நாளே தெரியும் சார்" என்றார் தையலம்மா. "நெட்டு போன அன்னைக்குத்தான் என் போன்ல மாமான்னு ஒரு பேரு புதுசா வந்துச்சு. மேல்வீட்ல நீங்க மாமா மாமான்னு கூப்பிடறது எனக்குக் கேக்காதா? நீங்க ஒயரைப் புடுங்கினதும் அந்தப் பேரும் போச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கயிற்றின் முடிச்சைத் தடவினார். "சொல்லவும் சொன்னீங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா உக்காருங்கன்னதும் உக்காந்துட்டீங்களே சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேன்ட் உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்தான். கண்ணாடிக்காரருக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பிப் படியேறினார்.

ஒயரைப் பிடுங்கியதிலிருந்து கண்ணாடிக்காரர் அந்தப் பெட்டியைத் தொடவே பயந்ததால், மாமனார் மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தார்.

"மாமா, நெட்டு கொஞ்ச நேரம் போகும்."

மாமனார் அவர் கையில் இருந்த ஒயரைப் பார்த்தார். கீழே ஒலிபெருக்கியில் தலைவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. "இன்னும் ரெண்டு நகர்த்தல்ல ஜெயிச்சிருப்பேன்" என்றார். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். "பரவால்ல. சொருகுங்க மாப்பிள்ளை."

இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துகளை நன்றாகப் படித்துப் பார்த்து, மிகச் சரியாகத் தப்பான துளையில் சொருகினார்.

அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "விஞ்ஞானம் தோத்த இடத்துல நம்ம நிர்வாகம் ஜெயிச்சிருக்கு. இனிமே இந்தக் கட்டடத்துல இணையம் ஒரு நொடிகூட..."

யாரோ ஒருவரின் கால் பட்டுச் சங்கத்துக் கணினியின் இணைய ஒயர் கழன்றது, மறுபடி சொருகியும் இணையம் திரும்பவில்லை. திரையில் கூட்டமைப்புத் தலைவர் வாழ்த்துவதற்காகத் திறந்த வாயோடு உறைந்துபோனார். உத்தரவின் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிஷின்!" என்று செயலாளர் துள்ளி எழுந்தார். "யாரு மிஷினை ஓட்டறது?"

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். படிக்கட்டில் மிஷின் கயிறும் முத்திரையுமாக நின்றது. அதன்மேல் தையலம்மாவின் கைப்பை இருந்தது.

"மிஷின் இல்ல" என்றார் கண்ணாடிக்காரர். "எங்க வீட்டுப் பெட்டி. தப்பான துளையில சொருகியிருக்கேன். முன்னாடி தெரியாம சொருகினேன், இப்பத் தெரிஞ்சே சொருகியிருக்கேன்."

"உக்காருங்க சார்" என்றார் செயலாளர். "நிகழ்ச்சி நிரல்ல உங்க பேரே இல்ல."

கண்ணாடிக்காரரின் முழங்கால்கள் பழக்கத்தால் மடங்கப் பார்த்தன. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கன்னு சொல்றோம்ல?" என்றார் தலைவர்.

"இல்லிங்க. நிக்கறேன்."

நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதரை என்ன செய்வதென்று விதிகளில் இல்லை. செயலாளர் இரண்டு முறை தேடினார்.

"அந்த ஒயரை எடுங்க முதல்ல" என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "கூட்டமைப்புத் தலைவர் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறாரு."

"எடுக்கறேன். நீங்க முதல்ல அந்தத் தீர்மானத்தை எடுங்க."

பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. பதிவேற்றாத உத்தரவு செல்லாது என்பதைக் கடைசியில் செயலாளரே கரகரத்த குரலில் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. விதி என்று வந்துவிட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது. தையலம்மாவைக் காலி செய்யும் தீர்மானம், தொழில்நுட்பக் காரணங்களால் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் பார்வையாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தெரிந்தே சொருகியதற்குத் தண்டனை, பொதுக்குழு கூடியதும். லிஃப்டுக் கண்ணாடி விவகாரம் முடிந்த பிறகு அதை எடுத்துக்கொள்வார்கள். பின் அறையில் இருப்பவரை, விசாரணைக்குத் தேவைப்படுவதால், மனிதராக ஏற்றுக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் மேலே போய் ஒயரை எடுத்துவிட்டுக் கீழே வந்தபோது, தையலம்மா வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் பிடிக்கறேன்மா" என்றார்.

"கால் இரும்பு சார். கனம்."

பிடித்தார். உண்மையிலேயே கனம். ஒவ்வொரு படிக்கும் இரும்புக்கால் முழங்காலில் இடித்தது. இதை அந்த அம்மா தனியாக அத்தனை படியும் இறக்கியிருக்கிறார் என்பது இரண்டாவது படியிலேயே புரிந்தது. முன்னறையில் இருக்கும் பெரிய சோபாவைப் பின் அறைக்குத் தள்ளிவிட்டு மாமாவின் கட்டிலை முன்னால் போட்டிருந்தால் எந்தப் பெட்டியும் வாங்கியிருக்க வேண்டாமே என்பது அதற்கு அடுத்த படியில் புரிந்தது.

"வலிச்சா சொல்லுங்க சார். கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்" என்றார் தையலம்மா.

"வேணாம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "உக்கார வேணாம்."